வீட்டுப்பேர்க் கட்டம்

எப்சிபாவுக்கு உலகத்தில் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது வீட்டுப்பேர்தான். கேரளத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் வீட்டை வைத்து ஒரு பெயர் உண்டு; எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயருக்கு அடுத்த கட்டம் அதுவாகத்தான் இருக்கும். வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலை எஸ்டேட் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் பிறந்தவளுக்கு ஏது வீட்டுப்பேர்? பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அப்பா சகாயம் "மூணாம் லயம்" என்றார். கிளார்க் சிரித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. கொச்சியில் ஒரு சின்ன கம்பெனிக்கு லயத்திலிருந்தே வேலை பார்க்கிறாள். எஸ்டேட் டிஸ்பென்சரிகளுக்கு அவர்கள் செய்து கொடுத்த மென்பொருளில் டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. நோயாளியின் விவரங்களுக்குப் புதுக் கட்டம் சேர்ப்பது, பழையதை எடுப்பது எல்லாம் எண் போட்ட கட்டளைகளாக எழுதி வரிசையாக ஓட்ட வேண்டும். அதற்கு மைக்ரேஷன் என்று பெயர். ஆள் குடியிருக்கும்போதே வீட்டுச் சுவரை இடித்துக் கட்டுகிற வேலை.

அந்த மென்பொருளிலும் வீட்டுப்பேர்க் கட்டம் இருந்தது. காலியாக விட்டால் பதிவே ஏறாது. அவளுக்கு முன்னால் இருந்த ஏதோ ஒரு புண்ணியவான் செய்த காரியம். அதைத் தூக்கிவிட்டு எஸ்டேட்டின் எந்தப் பிரிவு என்கிற டிவிஷன், லய எண் இரண்டையும் வைக்கிற மைக்ரேஷனை எழுதியபோது எப்சிபாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீம் லீடர் ஜோபி, மூணாறுக்காரர், வெள்ளிக்கிழமையே சரி சொல்லிவிட்டார். டிஸ்பென்சரிகள் மூடியிருக்கும் ஞாயிறு மதியம் ஓட்டுவதாக முடிவானது.

ஞாயிறு சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டு உட்கார்ந்தாள். ஒழியப்போகிற கட்டத்தைக் கடைசியாக ஒரு தடவை திட்டி வழியனுப்பலாமே என்று திறந்து பார்த்தாள். வெறும் கோடும் புள்ளியுமாகத்தான் இருக்கும் என்பது நினைப்பு. பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒரு டிஸ்பென்சரியின் பதிவுகளில் மட்டும் "பெனிசிலின் கூடாது", "சல்பா - தடிப்பு", "பெ.கூ." என்று இருந்தன. எண்ணினாள். முன்னூற்றுப் பதினாறு பேர்.

அங்கே நர்ஸாக இருக்கும் ராமலட்சுமிக்கு உடனே போன் போட்டாள்.

"சிஸ்டர், வீட்டுப்பேர்ல ஏன் மருந்துப் பேரு எழுதியிருக்கீங்க?"

"வேற எங்க புள்ள எழுத? இன்னாருக்கு இன்ன மருந்து ஒத்துக்காதுன்னு போட எடமே வைக்கலையே நீங்க. நம்ம சனத்துக்கு வீட்டுப்பேரும் கெடையாது. கட்டம் சும்மா கெடந்துச்சு, எழுதிட்டேன். ஊசி போடுறதுக்கு முன்னாடி அதத்தான் பாப்பேன். ஏன், தப்பா?"

ஓட்டத் தயாராக வைத்திருந்த மைக்ரேஷனை எப்சிபா மூடினாள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் அவ்வளவும் அவள் கையாலேயே அழிந்திருக்கும். வெட்கமாக இருந்தது. லயத்துப் பிள்ளைக்கு லயம் தெரியாதா என்ற திமிரில் டிஸ்பென்சரியில் ஒருவரைக்கூட அவள் கேட்கவில்லை.

"தப்பு என் மேலதான் சிஸ்டர்" என்று போனை வைத்துவிட்டு, ஜோபியை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"பேக்கப் இருக்குல்லா எப்சி? ஓட்டிரு. வேணும்னா பெறவு எடுத்துக்கலாம்."

"பேக்கப் நம்ம சர்வர்ல இருக்கும் அண்ணா. நாளைக்குக் காலையில ஊசி போடுறவங்க கண்ணுக்குத் தெரியாதே. எனக்கு மூணு வாரம் வேணும்."

"செரி, ஓட்டாத. மேலிடத்துல நான் பேசிக்கிடுதேன்" என்றார் ஜோபி.

அன்று அவள் எதையும் அழிக்கவில்லை, சேர்க்க மட்டும் செய்தாள். டிவிஷன், லய எண், அவற்றோடு 'ஒத்துக்காத மருந்து' என்று திரையின் உச்சியில் சிவப்பாக ஒரு கட்டம். பழைய கட்டமும் இருந்த இடத்திலேயே இருந்தது. ராமலட்சுமி சுருக்கி எழுதியவற்றை எந்தக் கட்டளையாலும் புதுக் கட்டத்துக்கு மாற்ற முடியாது என்பதால், தினமும் காலையில் ஜீப் ஏறிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதென்ன சிஸ்டர், 'மகனுக்குப் போலத்தான்'?"

"அது மாரீஸ்வரனோட அப்பா. மகனுக்கு எது ஆகாதோ அதேதான் அவருக்கும். எத்தன தடவ எழுத?"

எப்சிபா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாம் ஞாயிறு, முன்னூற்றுப் பதினாறும் புதுக் கட்டத்தில் இருப்பதைச் சரிபார்த்த பிறகே வீட்டுப்பேரை எடுத்தாள். மறுநாள் காலை டிஸ்பென்சரியில் ராமலட்சுமி ஒவ்வொரு பதிவாகத் திறந்து பார்த்தார்.

"இங்க வேற நர்ஸ் வந்தாலும் இது தெரியுமா?"

"யாரு தெறந்தாலும் மொதல்ல இதுதான் தெரியும் சிஸ்டர்."

ராமலட்சுமி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். "மூணு வருசமா நான் லீவே போடல புள்ள. மாத்து ஆளு வந்தா வீட்டுப்பேர்ல போயா மருந்தத் தேடுவாங்க? மக பிரசவத்துக்குக்கூட ஒரு ஞாயித்துக்கிழமதான் தேனிக்குப் போனேன். பேரப்புள்ளைய இன்னும் சரியாத் தூக்கல."

அன்று மதியமே பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.