வாசல் விளக்கும் அவரைப் பந்தலும்

ரோஸ்மேரி அக்கா வீட்டு அவரை இரண்டு வருடமாகப் பூக்கவில்லை. பனிக்காலம் வந்தால் சித்தையன்கோட்டையில் எங்கள் தெரு முழுக்க அவரை காய்த்துத் தொங்கும். அவர் பந்தலில் மட்டும் வெறும் இலை. சாணம் போட்டார், சாம்பல் தூவினார், ஒன்றும் நடக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னோம். சொல்வதற்கு எங்களுக்கென்ன, வாயா வலிக்கப் போகிறது?

போன ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலை, அக்காவும் கணவர் கஸ்பாரும் தோட்டத்தைப் பனிக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். கஸ்பார் பந்தலுக்கு முட்டுக் கொடுத்தார். அக்கா கொடியின் தூரில் மண் அணைத்தார். வேலியோரம் வந்த சுருளிவேல் அண்ணன் பந்தலுக்கு மேலே இருந்த வாசல் விளக்கைப் பார்த்தார்.

"ஏத்தா, ராத்திரி பூரா இந்த லைட்டு எரியுதா? அவரைக்கு இருட்டு வேணும்த்தா. இம்புட்டு வெளிச்சத்துல எப்படிப் பூக்கும்?"

அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த விளக்கு ஒரே மகன் ஆண்டனிராஜுக்காக எரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனவன், போன் போட்டாலும் எடுப்பதில்லை. கோபம் தணிந்து என்றைக்காவது கொடைரோட்டில் ரயில் இறங்கி வருவான்; வீடு இருட்டாகக் கிடந்தால், தன்னைத் தலைமுழுகிவிட்டார்கள் என்று திரும்பிவிடுவான். அந்தப் பயத்தில் அக்கா ஒரு ராத்திரிகூட அதை அணைத்ததில்லை. அவரைக் கொடியும் அவனுக்காகத்தான். கிறிஸ்துமஸுக்குக் கறிக்குழம்பே வைத்தாலும் அவரைக்காய்ப் பொரியல் இல்லாமல் சாப்பிட உட்கார மாட்டான்.

மத்தியானம் சாப்பிடும்போது கஸ்பார் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"காய்க்கிற வரைக்கும் லைட்டை அமத்தி வைப்போம் மேரி. அவன் வந்து நின்னா தொட்டுக்க வெஞ்சனத்துக்கு என்ன செய்வ?"

அவர் மனதில் கள்ளம் இல்லை. அக்காவும் மறுத்துப் பேசவில்லை. அன்றே விளக்கை அணைத்தார்கள்.

கார்த்திகையில் பந்தல் கொள்ளாமல் பூத்தது. கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்து அக்கா சட்டி நிறையப் பொரியல் செய்தார். ஆண்டனிராஜ் வரவில்லை. புது வருடத்துக்கும் வரவில்லை.

பொங்கலுக்கு முன்னால் நான் போயிருந்தபோது, பறித்த காய் எல்லாவற்றையும் என் பையில் கொட்டினார்.

"நமக்குக் கொஞ்சம் வையி மேரி. அவன் வந்தா..." என்றார் கஸ்பார்.

அக்கா அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவன் வந்துட்டுப் போயிட்டான். வீடு இருட்டாக் கிடந்துச்சுல்ல."