மூன்று முறை தள்ளிய பயணம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள். ஒரு பெண்ணும் ஒரு பையனும் என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி, பெற்றவர்கள்; அவர்கள் நடை பழகி முடிக்கும் முன்பே அவள் கண்ணை மூடிவிட்டாள். ஐந்துக்கும் ஒரே குண்டான் சோறு, ஒரே சீப்பு. ஒருத்தரும் வித்தியாசம் சொன்னதில்லை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இப்போது சொல்ல வாய் வரவில்லை. அதனால் இந்த நோட்டில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எழுத்து கோணலாக வரும், ஆனால் வரும்.

அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையோரம் எனக்கு ஒரு இட்லிக்கடை. மற்ற நாட்களில் மாவு அரைத்துக் கொடுப்பேன். பௌர்ணமி வந்தால் உட்கார நேரம் இருக்காது. செய்யவேண்டிய வேலைகளுக்கு முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வது என் வழக்கம். சிலிண்டருக்குச் சொல்ல ஒன்று, இலைக்காரரிடம் சொல்ல ஒன்று. வேலை ஆனால்தான் அவிழ்ப்பேன். அதுவரை இடுப்பில் உறுத்திக்கொண்டே இருக்கும். ஒருமுறை சேலை மாற்றியபோது முடிச்சை மாற்றிப் போட மறந்துவிட்டு, பௌர்ணமியன்று இலையில்லாமல் நின்றேன்.

அதைக் கேட்டுத்தான் என் பேத்தி வேங்கிக்காலிலிருந்து வந்தாள். பெரிய மகனின் பெண். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள். என் போனில் எதையோ ஏற்றிக் கொடுத்தாள். திறந்தால் கறுப்பாக இருக்கும். படம் கிடையாது, பட்டன் கிடையாது. நாம் ஒரு வரி எழுத வேண்டும், அது ஒரு வரி பதில் எழுதும்.

“நாலே வார்த்த ஆயா. புது வேலன்னா ‘சேர்’னு போட்டு நாளையும் எழுது. என்ன வேல பாக்கின்னு தெரியணும்னா ‘காட்டு’. ஆயிடுச்சுன்னா ‘முடிந்தது’. இன்னைக்கு முடியலன்னா ‘தள்ளு’னு போட்டு வேற நாள் போடு.”

“இதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிக்கறது?”

“ஆளு கெடையாது ஆயா. நான் எழுதுன ப்ரோக்ராம். எழுத கஷ்டமா இருந்தா சொல்லு, பேசுனாலே எடுத்துக்கற மாதிரி மாத்தித் தரேன்.”

“ஏன், எனக்கு எழுதத் தெரியாதுன்னு யாராவது சொன்னாங்களா?”

அவள் சிரித்தாள். என் மகன், “எங்கம்மா இனிமே இட்லிக் குண்டான்ல கம்ப்யூட்டர வேகவைக்கும்” என்றான். நான் கண்டுகொள்ளவில்லை. பத்தே நாளில் பழகிக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்களுக்கு முன்னால் ‘காட்டு’ என்று எழுதி, பட்டியல் வந்து விழுவதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு மிதப்பு.

ஓரகத்தி பெற்ற அந்தப் பெண் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்து அங்கேயே இருக்கிறாள். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஒருநாள் போன் செய்தாள்.

“யம்மா, புதன்கெழம காலைல பத்து மணிக்கு ஆபரேஷன். அவரு லாரி எடுத்துனு வடக்க போயிருக்காரு. நீ செவ்வாக்கெழம சாயந்திரமே வந்துடும்மா.”

“வராம எங்க போறேன்?” என்றேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதினேன்: சேர் கீழ்பென்னாத்தூர் போக செவ்வாய்.

செவ்வாய்க்கிழமை நோயாளியைப் பார்க்கக் கிளம்புவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. திங்களன்றுதான் அது நினைவுக்கு வந்தது. புதன் விடியற்காலை முதல் பஸ்ஸில் போனால் போதும் என்று ‘தள்ளு’ போட்டேன். ‘சரி, புதனுக்குத் தள்ளியாச்சு’ என்று வந்தது.

புதன் சாயங்காலம் பௌர்ணமி ஆரம்பம். அன்று காலை மாவுக்கு வருகிற அம்மாள் வரவில்லை. ஊறிய அரிசி நான்கு குண்டானில் இருக்கிறது. முன்பு ஒருமுறை ரத்தம் கம்மி என்று இதே ஆபரேஷனை டாக்டர் பத்து நாள் ஒத்திவைத்தார். இந்த முறையும் அப்படித்தான் ஆகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தள்ளு, வெள்ளி. ‘சரி’ என்றது. கிரைண்டர் ஓடும்போது அவள் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். பார்த்தேன். கை மாவாக இருக்கிறதே, பிறகு பேசலாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கால் வீங்கியிருந்தது. அது பொய்யில்லை. ஆனால் அன்றைய மாவு ஆர்டரை நான் தள்ளவில்லை. இதைத் தள்ளினேன், சனிக்கு. மூன்று முறையும் அந்தக் கறுப்புத் திரை ஏன் என்று கேட்கவில்லை. தள்ளியதும் மனசு லேசாகிவிடும். முடிச்சாக இருந்திருந்தால் அன்றைக்கெல்லாம் இடுப்பில் கிடந்து உறுத்தியிருக்கும்.

சனிக்கிழமை ரசமும் பருப்புத் துவையலும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி துணைக்கு இருந்தாள்.

“ஆபரேஷனுக்கு மின்ன வீட்டுப் பெரியவங்க யாருனா கையெழுத்துப் போடணும்னு கேட்டாங்க. இது வாசலையே பாத்துனு இருந்துச்சு. நேரம் ஆவுதுன்னுட்டாங்க. நான்தான் போட்டேன்” என்றாள் அவள். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் அந்த ஒரு காகிதத்துக்கு ஆகவில்லை.

குரல் கேட்டு மகள் திரும்பினாள்.

“வாங்க பெரிம்மா. பஸ்ஸு கெடச்சுதா?”

முறைப்படி நான் பெரியம்மாதான். ஆனால் பேச்சு வந்த நாளிலிருந்து அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள், ‘வாம்மா போம்மா’ என்றுதான் பேசினாள். நான் டப்பாவைத் திறந்து கொண்டிருந்தேன். மூடி கழன்று கீழே உருண்டது.

“பௌர்ணமி நல்லா போச்சுங்களா?” என்று கேட்டாள்.

“போச்சு கண்ணு” என்றேன். ரசத்தைக் குடித்தாள். நல்லா இருக்கு பெரிம்மா என்றாள்.

அது நடந்து மூன்று பௌர்ணமி ஆகிறது. வாரம் ஒருமுறை போன் செய்கிறாள், சுகம் விசாரிக்கிறாள். எல்லாம் ‘வாங்க, சாப்டீங்களா’தான். திட்டினால்கூடத் தாங்குவேன்.

போன வாரம் பேத்தி வந்து பட்டியலைப் பார்த்தாள். “கீழ்பென்னாத்தூர் போகன்னு இன்னும் நிக்குதே. அதான் போயிட்டு வந்துட்டியே ஆயா, ‘முடிந்தது’ போடேன்” என்றாள்.

“வேணாம், இருக்கட்டும்.”

அந்த வேலையை எத்தனை முறை தள்ளினேன் என்பதும் அதில் பதிவாகி இருக்குமாம். காட்டச் சொன்னேன். செவ்வாய், புதன், வெள்ளி, சனி என்று வரிசையாக நின்றது. நான் எழுதியதுதான், பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன்.

நாளைக்கு மறுபடி பௌர்ணமி. கடையைத் திறக்கப் போவதில்லை. அரிசி ஊறப்போடவில்லை. காலை முதல் பஸ்ஸுக்கு முந்தானையில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். போய் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. அவள் மறுபடி அம்மா என்பாளா என்றும் தெரியவில்லை. பேச வராவிட்டால் இந்த நோட்டைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பேத்தி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணு, இதை முதலிலிருந்து சத்தமாகப் படி. ‘தள்ளு’ என்று வருகிற இடம் ஒன்றையும் விடாதே. உன் அத்தை இதைப் படிப்பதற்கு முன்னால் நான் ஒருமுறை கேட்கிறேன்.