கிடங்கிலிருந்து மீட்ட படம்

தேக்கா சந்தையில் என் அத்தா ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்தார். அவர் கத்தி தீட்டியபடி நிற்பதைப் பெரிய எண்ணெய் வண்ணப் படமாக வரைந்தேன். பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகம் அதை இரவலாகக் கேட்டு வாங்கியது. அத்தா சந்தையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டு வந்தார்.

படம் சுவருக்கு வரவேயில்லை. புதிதாக வந்த காப்பாட்சியர், நம் தமிழர்தான், அதைக் கிடங்கில் போடச் சொன்னார். "கறிக்கடைய மாட்டினா பாக்கறவங்களுக்குப் பசிக்கும்லா," என்று கூட்டத்தில் என் எதிரிலேயே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அத்தா என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறி, படத்தைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார். பெருநாள் சட்டை போட்டிருந்தார். வெகுநேரம் உட்கார வைத்த பிறகு அந்த ஆள் வந்து, "ஸ்டோருக்குள்ள பப்ளிக்க விட மாட்டோம் அங்கிள்," என்றாராம்.

"நான் பப்ளிக்காம்மா?" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார் அத்தா. அடுத்த நோன்புக்கு அவர் இல்லை.

நான் காத்திருந்தேன்.

அருங்காட்சியகக் கட்டடம் வேறு வேலைக்குத் தேவைப்பட்டதால், சேகரிப்பு முழுவதையும் நகரின் நடுவிலிருந்த கூட்டாளி அருங்காட்சியகத்துக்கு மாற்றினார்கள். இரவல் படங்களுக்கு உரியவரின் சம்மதம் வேண்டும். அந்த ஆள் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், அங்க உள்ளவங்களே கேட்டாங்க, ஓப்பனிங் ஷோவுல உங்க பெயிண்டிங்தான் மெயின். பிரோஷர் கவர்ல போட்டு பிரிண்ட்டும் பண்ணியாச்சு. நீங்க ஓகே சொன்னா போதும். அப்பா இருந்தா ரொம்பப் பெருமைப்பட்டிருப்பாரு."

"நேர்ல வந்து சொல்றேன்," என்றேன்.

கிடங்கில் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. என் படத்தை உறையில் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள்.

"பிரிங்க."

அவர் ஆட்களைக் கூப்பிடத் திரும்பினார். "அவங்க வேணாம். நீங்க பிரிங்க," என்றேன்.

மண்டியிட்டு ஒவ்வொரு டேப்பாகக் கிழித்தார். காற்சட்டை முட்டியில் தூசி அப்பியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உறைக்குள்ளிருந்து அத்தாவின் முகம் வெளிப்பட்டதும் எழுந்தேன்.

"திரும்பக் கட்டிடுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "கவர்ல வந்துருச்சு மேடம். அங்க நான் என்ன பதில் சொல்வேன்?"

"எங்க அத்தா இதப் பாக்க வந்தாரு. நீங்க உள்ள விடல. அதைச் சொல்லுங்க."

அவருக்கு நினைவில்லை. அது அவர் கண்ணிலேயே தெரிந்தது. கொஞ்சம் இளகியிருந்த என் மனசும் அதோடு இறுகிவிட்டது.

ஈசூனில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கிக்குள் படம் நுழையவில்லை. தம்பிகள் படிக்கட்டில் தூக்கி வந்து கூடத்தில் மாட்டினார்கள். உம்மா அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

புதிய இடத்தின் திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். பிரோஷரின் அட்டையை மாற்றி ஒரு பீங்கான் ஜாடியைப் போட்டிருந்தார்கள். வரவேற்றுப் பேசியது காப்பாட்சியர் இல்லை, ஒரு பெண். அந்த ஆள் பின்வரிசைத் தூணோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் நேராகப் போய் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன், விழா முடியும் வரை.