சஹனில் என் கை

ஒளு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது) செய்யும்போதுதான் முதலில் பார்த்தேன். வலது ஆள்காட்டி விரல் நுனியில் உளுந்தளவு வெள்ளை. கடைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் ஒட்டியிருக்கிறது என்று தேய்த்தேன். தோல்தான் சிவந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் விரல்களெல்லாம் வெளுத்தன, உதட்டோரமும். பாளையம்பட்டியில் எனக்குத் துணிக்கடை. சேலையை விரித்துக் காட்டினால், வந்தவர்கள் சேலையை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார்கள்.

“இது வெண்புள்ளி (உடம்பின் காவல் அணுக்களே தோலுக்கு நிறம் தரும் அணுக்களை அழித்துவிடுவது). தொட்டாலும் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது” என்றார் மதுரை டாக்டரம்மா.

“கேட்டுக்கிட்டீகளா? இனி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியாதீக” என்றாள் என் மனைவி ஜமீலா.

கேட்டுக்கொண்டேன். ஆனால் டாக்டரம்மா எனக்குத்தானே சொன்னார், ஊருக்கா சொன்னார்?

எங்கள் விருந்துகளில் சஹன் வைப்பார்கள். ஒரே தாம்பாளத்துச் சோற்றை நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடுவது. நல்ல கறித்துண்டாகப் பார்த்து நம் கையால் பிய்த்து அடுத்தவர் பக்கம் வைப்பதுதான் அதில் மரியாதை. யாராவது எழுந்து போவதற்குள் நானே முந்திக்கொண்டேன். “எனக்குச் சுகரு, சோறு ஆகாது” என்று சொல்லித் தனித்தட்டில் சப்பாத்தி வாங்கிக்கொண்டேன்.

ஊர் நம்பிவிட்டது. போகிற வீடெல்லாம் சீனி போடாத டீ. எனக்குச் சர்க்கரை நோய் என்றைக்குமே இருந்ததில்லை. அந்தக் கசப்பைக் குடித்தபடி, யார் கண் என் விரலில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். யாருமே பார்க்காத நாளில்தான், வேண்டுமென்றே பார்க்காமல் இருக்கிறார்களோ என்று பயம் அதிகம்.

ஒளி சிகிச்சையில் (குறிப்பிட்ட கதிரை அளவாகத் தோலில் பட வைப்பது) உதட்டோரம் நிறம் திரும்பியது. விரல் நுனிகளில் திரும்புவது கடினம் என்றார்கள், திரும்பவில்லை.

மகள் நிக்காஹ் வந்தது. மாப்பிள்ளை வீடு திருச்சுழி. பெண்ணின் தகப்பன் சம்பந்தியோடு ஒரே சஹனில் உட்கார்ந்தாக வேண்டும்.

“அத்தா, அன்னைக்கு மட்டும் சுகருன்னு சொல்லிறாதீக. தனியா உக்காந்தா, அவுகளப் பிடிக்கலைன்னு நெனச்சிருவாக” என்றாள் மகள்.

உட்கார்ந்தேன். ஒரு துண்டைப் பிய்த்துச் சம்பந்தி பக்கம் வைத்தேன். அவர் சிரித்தார், எடுக்கவில்லை. சுற்றிலும் சோறு குறையக் குறைய, துண்டு மட்டும் அங்கேயே கிடந்தது.

“பல்லு வலி சம்மந்தி. மெல்ல முடியல” என்றார்.

சுகர் என்று சொல்லிச் சொல்லிப் பழகியவனுக்கு இது தெரியாதா? சஹனைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் வாழ்க்கையை என் விரல்களே கெடுத்துவிட்டன என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மகளைப் பார்க்கப் போனோம். சம்பந்தி கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார். அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தார். வாயிலிருந்த பஞ்சைக் கண்ணால் பார்த்தேன். என் சந்தேகம் தெரிந்த ஜமீலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கோ, திரும்பி வரும் பஸ்ஸில் வேறு யோசனை: அந்தப் பல் விருந்தன்றைக்கு வலிக்காமல் இருந்திருந்தால்?

உங்களில் யாருக்காவது புதிதாக வெள்ளை விழுந்திருந்தால் ஒன்றுதான் சொல்வேன். பொய் சொல்லி ஒதுங்காதீர்கள். அப்புறம் அடுத்தவர் மெய்யே சொன்னாலும் நம்ப முடியாது.

போன பெருநாளுக்குச் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜமீலா என்னைக் கேட்காமலே எங்கள் இருவருக்கும் ஒரே சஹனாக வைத்துவிட்டாள்.

“இப்ப வைங்க சம்மந்தி, பல்லுதான் போயிருச்சே” என்று அவரே தன் பக்கத்தைக் காட்டினார்.

வைத்தேன். உடனே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். என் வாயிலும் சோறு இருந்தது. அவர் விழுங்கும்வரை நான் அதை மெல்லவில்லை.