வாசலில் நின்ற வண்டி

நகரத்து நடுவில் இருக்கும் அந்தப் பழைய நாடக அரங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சுற்றிப் பார்க்கலாம் என்று அறிவித்ததுதான் தாமதம், கண் ஆஸ்பத்திரி வரவேற்பாளர் தன் அக்காவையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"முட்டிவலி உயிர் போகுது. உனக்குக் கட்டடம் பாக்கணுமாக்கும்!" என்று முணுமுணுத்தபடியே அக்காவும் வந்தாள். உள்ளே நுழைந்ததும் கடைசி வரிசையில் சாய்ந்தவள், "இதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். நீ போய்ப் பாத்துட்டு வா" என்றாள்.

முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்னால், பத்தொன்பது வயதில், இதே மேடையில் தங்கை மூன்று வாரம் ஒத்திகை பார்த்திருக்கிறாள். வேலைக்காரி வேஷம். ஒரே ஒரு வசனம். நாடகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அம்மா கைகால் விழுந்து படுத்துவிட்டாள். அக்காவுக்குக் கைக்குழந்தை. பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அம்மா ஒன்பது வருஷம் படுக்கையில் இருந்தாள். அப்புறம் இவளை யாரும் நடிக்கக் கூப்பிடவுமில்லை, இவளாகப் போய்க் கேட்கவுமில்லை. வேலைக்குப் போகும் பஸ் அரங்கைத் தாண்டும்போது மட்டும் கழுத்து தானாகத் திரும்பும்.

சுற்றிக் காட்டிய பெண் கூட்டத்தை மேடைக்கு முன்னால் நிறுத்தினாள். "மேல நின்னு சும்மா பேசினாலே கடைசி வரிசை வரைக்கும் கேக்கும். யாராவது பேசிப் பாக்கறீங்களா?"

இவள் ஏறிவிட்டாள். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். வந்ததோ தினமும் நூறு தடவை சொல்வது.

"இருபத்தேழாம் நம்பர், உள்ள வாங்க!"

கூட்டம் சிரித்தது. காது மடல் சுட, இவளும் சிரித்துக்கொண்டே இறங்கப் போனாள்.

"ஏய், அது இல்லடி!" கடைசி வரிசையில் அக்கா எழுந்து நின்றிருந்தாள். "'வண்டி வாசல்ல நிக்குதும்மா. யாரு போறீங்கன்னு கேக்குறாங்க.' அதச் சொல்லு!"

இறங்கப் போனவள் நின்றுவிட்டாள். அந்த வசனம் உலகத்தில் தன்னைத் தவிர யாருக்கும் நினைவில்லை என்றுதான் இத்தனை காலம் இருந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே இவள் சொல்லிப் பழகியதை, அடுத்த அறையில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டு அக்கா கேட்டிருக்கிறாள்.

சொன்னாள். பழைய குரல் இல்லை, கொஞ்சம் கரகரத்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் ஒப்பனை அறைகளைப் பார்க்கப் போயிற்று. இவள் மட்டும் காலி இருக்கைகளைப் பார்த்தபடி மேடையிலேயே நின்றாள். அக்கா நொண்டி நொண்டி முன்னால் வந்தாள்.

"போதுமாடி?"

"போதலக்கா."

அக்கா முதல் வரிசையில் ஓர் இருக்கையை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.