நான்கு மாடி மலை

சூடேறிய சிமென்ட்டில் தண்ணீர் விழுந்தால் எழும் வாசனை மண்வாசனை அல்ல. அதில் ஈரம் குறைவு, கோபம் அதிகம். ஜெர்சி சிட்டியில் நான் ரயிலுக்கு ஓடும் வழியில், கோடைக் காலைகளில் ஒரு கடைக்காரர் நடைபாதையைக் குழாய் வைத்துக் கழுவுவார். அந்த ஆவி மூக்கில் ஏறியதும் ரயிலும் அவசரமும் எங்கோ போய்விடும். டெக்சாஸில், ரிச்சர்ட்சனில், எங்கள் வீட்டு டிரைவ்வேயில் ஒன்பது வயதில் நிற்பேன். எதிரே புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் சுழலும். அதன் நடுவில், ஆகஸ்ட் வெயிலில், கழுத்துவரை ஜிப் போட்ட நீல ரெயின்கோட்டில் அம்மாவும் சுழல்வாள்.

"தண்ணி உள்ள வருதா?" நிழலில் நின்றபடி அப்பா கேட்பார்.

"வரல. வேர்வைதான் வெளிய போக வழி தெரியாம நிக்குது."

ரெயின்கோட்டுக்கு அது பரீட்சை. அம்மாவின் பரீட்சை ஸ்காட்லாந்தில் இருந்தது.

தொலைபேசி இணைப்புகளுக்கான கருவி செய்யும் நிறுவனத்தில் அம்மா எஞ்சினியர். இரண்டு வாரம் ஸ்காட்லாந்துக் கிளைக்குப் போய், அங்கிருக்கும் குழுவோடு வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தக் குழுவின் தலைவர் போனில், நீ இங்கே வந்ததும் முதல் சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரு மலை ஏறுகிறோம், சின்ன மலைதான், பகல் முழுக்க ஆகும், உனக்குப் பழக்கம் உண்டா என்று கேட்டார். அம்மா யோசிக்காமல் உண்டு என்றுவிட்டாள். பொய் இல்லை. சின்ன வயதில் தவக்காலந்தோறும் பரங்கிமலைப் படிகளை ஜெபம் சொல்லிக்கொண்டே ஏறியவள்தான். அதற்குப் பிறகு அவள் ஏறியதெல்லாம் லிஃப்ட்.

"சொன்னது சொல்லியாச்சு. அங்க போய் பாதியில உக்காந்துட்டா, வேலையிலயும் இவ இப்படித்தான்னு நெனப்பாங்க," என்றாள்.

"உக்கார மாட்ட. நான் ட்ரெயின் பண்றேன்," என்றார் அப்பா.

ரிச்சர்ட்சனில் மலை கிடையாது. தோசைக்கல்லாவது நடுவில் கொஞ்சம் குழிந்திருக்கும், எங்கள் ஊரில் அந்த ஏற்ற இறக்கம்கூட இல்லை. அப்பா அசரவில்லை. நூலகத்தில் வரைபடத்தைப் பகுதி பகுதியாக அச்செடுத்து, ஒட்டி, ஹாலில் விரித்தார். அந்த மலையின் பெயரை நாங்கள் மூவரும் மூன்று விதமாக உச்சரித்தோம். வளைந்து வளைந்து ஓடும் கோடுகள் என்னவென்று நான் கேட்டதற்கு, இரவுச் சாப்பாட்டில் சோற்றைக் கூம்பாகக் குவித்து, முள்கரண்டியால் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினார். கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். உச்சியில் சாம்பாரை ஊற்றி, "பாரு, ஓடை இந்தப் பக்கம் இறங்குது," என்றார்.

"அந்த மலைய நீங்களே சாப்ட்டு முடிங்க," என்றாள் அம்மா. ஆனால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

"ரெண்டு மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடணும். மேகம் இறங்கிடுமாம்."

"எல்லாரும் மேல போறப்ப நான் மட்டும் திரும்பினா என்ன நெனப்பாங்க?"

"புத்திசாலின்னு நெனப்பாங்க."

"இல்ல, பயந்துட்டாள்னு நெனப்பாங்க."

பயிற்சிக்கு அப்பா கண்டுபிடித்த மலை, பல்கலைக்கழக வளாகத்தின் கார் பார்க்கிங் கட்டடம். நான்கு மாடி. கோடை விடுமுறை, கார்களே இல்லை. அம்மாவின் முதுகுப்பையில் அரிசி மூட்டை, காலில் புது பூட்ஸ். முதல் நாள் மூன்றாவது மாடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் தக்காளி. அந்த நேரம் பார்த்து, சின்ன வண்டியில் செக்யூரிட்டி வந்தார். டெக்சாஸ்காரர், வயதானவர், பெரிய மீசை. அரிசி மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எவ்ரிதிங் ஓகே, மேம்?"

அப்பா நிமிர்ந்து நின்று, "ஷி இஸ் க்ளைம்பிங் எ மவுன்டன், சார்," என்றார். அந்தக் குரலில் துளி விளையாட்டு இல்லை.

மீசைக்காரர் மேலே ஒரு மாடியை எண்ணினார், கீழே மூன்றை எண்ணினார். தொப்பியைத் தொட்டு, "வெல் மேம், யூ ஆர் ஆல்மோஸ்ட் தேர்," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அம்மா எழுந்துவிட்டாள். தினம் ஒரு சுற்று கூடியது. கடைசி வாரத்தில் எத்தனை முறை ஏறி இறங்கினாள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம். மொட்டைமாடியில் அவள் இடுப்பில் கைவைத்து நிற்பாள். ஃப்ரீவே விளக்குகள் ஒன்றொன்றாக எரியத் தொடங்கும், தட்டை ஊர் முழுவதும் அவள் காலுக்குக் கீழே கிடக்கும். அவளை அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து வலிக்கும். வலிக்கட்டும் என்று பார்ப்பேன்.

பள்ளி திறந்ததும் என் அம்மா மலையேறுபவள் என்று வகுப்பில் சொன்னேன். அதைவிடப் பெருமை அப்பாவைப் பற்றி. மற்ற அப்பாக்கள் இருட்டிய பிறகு களைத்து வருவார்கள். என் அப்பா நாள் முழுக்க வீட்டில், அம்மாவின் மலைக்காகவே. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து காபி குடிக்கும்போது ஓர் ஆன்ட்டி என் கன்னத்தைத் தட்டி, "அப்பா இப்போ எங்க வொர்க் பண்றாங்க?" என்றார்.

"அப்பா இப்ப அம்மாவோட கோச், ஆன்ட்டி," என்றேன், கோயில் வளாகம் முழுக்கக் கேட்கும்படி.

ஆன்ட்டியின் சிரிப்பு பாதியில் நின்றது. என் தோளில் இருந்த அம்மாவின் கை இறுகியது. அப்பா மட்டும், "ஆமா ஆன்ட்டி, ரொம்ப ஸ்ட்ரிக்ட் கோச்," என்று என்னைப் போலவே குரல் மாற்றிப் பேசினார்.

அந்த வருட வசந்தத்தில் ஊரிலிருந்த தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஆட்களைக் கொத்துக்கொத்தாக வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தன என்பதும், அப்பா அதில் ஒருவர் என்பதும், அம்மாவின் பிரிவையே மூடிவிட்டு ஸ்காட்லாந்துக் குழுவோடு சேர்ந்துபோகிற சிலரை மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்ற பேச்சு இருந்ததும் எனக்குத் தெரிய வர வருடங்கள் ஆயின. அந்த மலையில் எங்கள் வீடே ஏறியிருக்கிறது. எனக்கு அது விடுமுறை விளையாட்டு.

அம்மா ஏறினாள். உச்சியில் எடுத்த படத்தில் மலை இல்லை, வானமும் இல்லை, எல்லாம் மூடுபனி. கற்குவியலின் பக்கத்தில் நீல ரெயின்கோட்டும் ஒரு சிரிப்பும் மட்டும். ரெண்டு மணிக்கு எங்கே இருந்தாள் என்று அப்பா கேட்கவே இல்லை. குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் அந்த வீட்டிலேயே இருந்தோம்.

அவளை வழியனுப்பிய மாலையைத்தான் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். ஏர்போர்ட்டில் செக்யூரிட்டி வரிசை வரை வந்துவிட்டோம். பெட்டி கனத்துவிடும் என்று பூட்ஸைக் காலிலேயே போட்டிருந்தாள். ஒரு நாடா அவிழ்ந்திருந்தது. அவள் குனிவதற்குள் அப்பா, சூட்கேஸ்களும் கோட்டுப் போட்ட மனிதர்களும் விலகிப் போக, தரையில் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்து, நிதானமாக, இரட்டை முடிச்சாகக் கட்டத் தொடங்கினார்.

"அய்யோ, எழுந்திருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

அப்பா நிமிர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா ஏன் சிரிக்கவில்லை, ஏன் அவர் தலைமேல் கையை வைத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

"பாக்கட்டும்மா. இப்ப எனக்கு இதுதானே வேலை."