கேபிளைப் பிடுங்கிய ஒரு நிமிடம்

இது நடந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு நஷ்டமில்லை. நான் பேய்க்குப் பயப்படுகிற ஆளே கிடையாது. அன்று சனிக்கிழமை. நல்ல வெயில். மதியம் இரண்டரை மணி. பேய் வர அது ஒரு நேரமா?

டாக்டர்கள் குரலில் பதிவு செய்து அனுப்பும் அறிக்கைகளைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. ஏழு டைப்பிஸ்ட்டுகள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள நான். முதலாளி உலகத்தில் எதற்கும் அஞ்சாதவர், கரண்ட் பில்லைத் தவிர. அவருக்காகத்தான் பழைய லேப்டாப்புகளை 'தின் கிளையன்ட்' ஆக மாற்றிக்கொண்டிருந்தேன். பெயர்தான் பெரிசு, வேலை சுலபம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். அதன்பிறகு லேப்டாப்புக்கென்று ஒரு ஞாபகமும் இருக்காது. எல்லா வேலையும் உள்ளறையில் இருக்கும் சர்வரில் நடக்கும். லேப்டாப் கேபிள் வழியாக அதை எட்டிப் பார்க்கிற ஜன்னல் மட்டுமே. ஒரு குண்டு பல்பு தின்கிற கரண்ட்கூட அதற்கு வேண்டாம்.

டைப்பிஸ்ட்டுகளில் மூத்த அக்காவுக்கு மட்டும் இது மண்டையில் ஏறவே இல்லை. கேபிள் கழன்றால் போதும், அலறுவார்.

"ஐயோ, அடிச்சதெல்லாம் போச்சே!"

"போகாதுக்கா. கேபிளைப் புடுங்கினாலும் உள்ள ஓடுறது ஓடிக்கிட்டேதான் இருக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

நூறு தடவை சொல்லியிருப்பேன். முகத்துக்கு நேராகச் சிரித்தும் இருக்கிறேன்.

அன்று எட்டாவது லேப்டாப். பழைய சாமான் கடையில் வாங்கியது. முன்னால் யார் வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. இரைச்சல் போட்ட அதன் விசிறியையும் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை.

2.31. இயக்கினேன். பாஸ்வேர்ட் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே சர்வருக்குள் போனது. நான்தான் எதையோ மறந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

2.36. ர்ர்ர்ர்... விசிறி சுற்றும் சத்தம். லேப்டாப்புக்குள்ளிருந்து வந்தது. விசிறியோ என் முழங்கைக்குப் பக்கத்தில் அசையாமல் கிடந்தது.

2.40. டக்... டக் டக்... கீபோர்டில் ஒரு கீகூட அமுங்கவில்லை. சத்தம் மட்டும். திரையில் எங்கள் அறிக்கைப் படிவம் திறந்தது. எழுத்துகள் வந்தன.

பெயர்: காலியாக இருந்தது.

பெண் குழந்தை. வயது நான்கு. மொட்டைமாடியிலிருந்து விழுந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுவந்த நேரம் பிற்பகல் 3.25. உயிர் இல்லை.

முகவரி...

எங்கள் தெரு. எங்கள் வீட்டு எண்.

என் மகளுக்கு நான்கு வயது. வாலு என்று கூப்பிடுவோம்.

அழித்தேன். திரும்ப வந்தது. அழித்தேன். திரும்ப வந்தது.

விழுந்த காரணம்: டக்... டக்...

என்னால் பார்க்க முடியவில்லை. கேபிளைப் பிடுங்கினேன்.

2.42. திரை கறுத்தது.

வீட்டுக்குப் போன் போட்டேன். இரண்டு முறை மணியடித்து நின்றது. மனைவி எடுத்தபோது 2.46.

"வாலு எங்க?"

"மாடில ஒளிஞ்சு புடிச்சு விளையாடுறா. ஏங்க?"

"உடனே தூக்கிட்டு வா. மாடிக் கதவப் பூட்டு."

"என்னாச்சு?"

"பூட்டுன்னா பூட்டு!"

3.04. வீடு. மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜன்னல்களைச் சாத்தினேன். அவள் அழாமலிருக்க டிவியில் கார்ட்டூன் போட்டு, சத்தத்தைக் கூட்டினேன்.

"அப்பா, மேல..."

"மேல போகக் கூடாது. பேசாம இரு."

3.25.

3.26.

மகள் என் மடியில்தான் இருந்தாள். மூச்சு விட்டாள். வாய்விட்டுச் சிரித்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மனைவியிடம் சொன்னேன். டிவியை நிறுத்தினேன்.

அப்போதுதான் தெருவின் சத்தம் கேட்டது...

கீழ்வீட்டுக் குழந்தை விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்கும் நான்கு வயது. ஒரே கட்டடம், ஒரே எண். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். தேட யாரும் வரவில்லை. கதவு திறக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் ஏறி, கீழே இருந்த அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

போலீஸ் வருவதற்குள் மனைவி ஓசையில்லாமல் மாடிக்குப் போய்ப் பூட்டைத் திறந்து வைத்துவிட்டாள். காற்றில் கதவு சாத்திக்கொண்டிருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நாங்கள் ஆமாம் என்றோம். கீழ்வீட்டம்மா என் மனைவியின் தோளில் சாய்ந்துதான் அழுதார்.

திங்கட்கிழமை காலை 9.50. மூத்த அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் புள்ள கேஸு இப்பதான் டாக்டர்கிட்டேருந்து வந்துச்சு. ஆனா சர்வர்ல ஏற்கெனவே அடிச்சு வச்சிருக்கே? டாக்டர் சொல்றது அப்படியே இருக்கு. ஒரு எழுத்து மாறல."

பார்த்தேன். காலியாக இருந்த இடத்தில் கீழ்வீட்டுக் குழந்தையின் பெயர் இருந்தது.

"இந்தக் கடைசி வரி மட்டும் டாக்டர் சொல்லவே இல்லப்பா. இது யார் சொன்னது?"

விழுந்த காரணம்: மாடிக் கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டார்கள்.

ஒவ்வொரு வரியும் எத்தனை மணிக்கு ஏறியது என்று எங்கள் சர்வர் குறித்து வைக்கும். அந்த வரி ஏறிய நேரம் சனிக்கிழமை பிற்பகல் 2.43.

பூட்டச் சொல்லி நான் போன் செய்தது 2.46.